நாவற்பழ நிற ஹெல்மெட்

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. ஊரில் பழக்கிப் பார்த்தார்கள். வேலிக்குள் போய் விழுந்து முழங்கையை உரித்துக்கொண்டதோடு சரி. ஆனால் சைக்கிள் ஹெல்மெட்டைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் என்னை அடக்குவது கஷ்டம். எங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தால், சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பார்ப்பேன். உள்ளே ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பேன். நாடாவைச் சுண்டிப் பார்ப்பேன். "இவவுக்குத் தொடங்கிட்டுது" என்று சொல்லிவிட்டு என் கணவர் தேத்தண்ணி போட எழும்பிப் போவார்.

இது தொண்ணூற்றைந்தில் தொடங்கிய வியாதி. அந்த வருடம் ஒன்டாரியோவில் சைக்கிள் ஓடுகிற எல்லோரும் ஹெல்மெட் போடவேண்டும் என்று சட்டம் வரப்போவதாகக் கதை. அதை நம்பி, ஸ்காபரோவில் ஹெல்மெட் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை அவசரமாக ஆள் எடுத்தது. எனக்கும் வேலை கிடைத்தது. வெள்ளை ஸ்ரைரோஃபோம் நுரையில் வார்த்து மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு போட்ட ஹெல்மெட்டுகள் பெல்ட்டில் வரும். நான் நாடாவைக் கோர்த்து, நெற்றியிலும் உச்சியிலும் சின்னச் சின்னப் பஞ்சுத் துண்டுகளை ஒட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தலை என்று எண்ணத் தொடங்கினால் விசர் பிடிக்கும். நான் எண்ணவில்லை.

என் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அறை. அதற்குள் என்னைவிட நாலைந்து வயது இளமையான ஒரு பெண், எந்த நேரமும் சுவிங்கம் சப்பியபடி, எங்கள் ஹெல்மெட்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பாள். முதல் கிழமை எனக்கு அவள்மேல் சரியான கோபம். நாங்கள் முதுகு முறியச் செய்கிறதை இவள் போட்டு உடைக்கிறாளே என்று. பிறகுதான் விளங்கியது, அதுதான் அவளுடைய வேலை. இரும்பில் செய்த ஒரு மனிதத் தலை இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் மண்டை. ஒவ்வொரு தொகுதியிலும் சிலதை எடுத்து அந்த இரும்புத் தலைக்கு மாட்டி, கம்பி வழியாக மேலே இழுத்து, கீழே உள்ள இரும்புக் கட்டையில் விழவிடுவாள். தலைக்குள் இருக்கிற கருவி, அடி எவ்வளவு உள்ளே போனது என்று ஒரு எண்ணைக் காட்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த அறைக்குள் போய் நிற்கத் தொடங்கினேன். என் இங்கிலிஷ் அரைகுறை. ஆனால் கேள்வி கேட்க அது போதும். ஏன் ஒன்றைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கிறாய்? இந்த நாட்டுக் குளிரில் நுரை எப்படி அடியைத் தாங்குகிறது என்று பார்க்க. ஏன் இன்னொன்றைச் சூட்டடுப்பில் வைக்கிறாய்? வெயிலில் காருக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க. ஏன் மற்றதைத் தண்ணீரில் ஊறப்போடுகிறாய்? மழை. எனக்கு ஒரே அதிசயம். ஒரு தொப்பிக்கு இவ்வளவு பாடா என்று நினைத்தேன்.

சுவரில் வரிசையாக ஆணி அடித்து, பழைய ஹெல்மெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தாள். முதலாவது ஆணியில் ஹெல்மெட் இல்லை, ஒரு படம்தான். பெரிய முன் சில்லு வைத்த அந்தக் காலத்துச் சைக்கிளில் ஒரு மீசைக்காரர், தலையில் வெள்ளைக்காரத் துரைமார் போடுகிற தொப்பி. அது நெட்டியில் செய்தது என்று அவள் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் மாலை கட்டுகிற நெட்டியை நம்பி மனிசன் அவ்வளவு உயரத்தில் ஏறியிருக்கிறான்! ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்த ஆள் சரியாகத்தான் யோசித்திருக்கிறான், நொறுங்குகிற பொருள்தான் அடியை வாங்கிக்கொள்ளும், ஒரு அடியோடு துண்டு துண்டாய்ப் போய்விடும் என்பதுதான் குறை என்றாள். அடுத்த ஆணியில் தோல் வார்களுக்குள் பஞ்சு அடைத்துத் தைத்த ஒன்று, வாழைப்பழச் சீப்பைக் கவிழ்த்த மாதிரி. பந்தயக்காரர் போட்டது, தோல் உரசாமல் காக்கும், மண்டையைக் காக்காது. அதற்கடுத்தது எழுபதுகளில் வந்த தடித்த வெள்ளை ஓடு, உள்ளே நுரை. அதைப் போட்டுப் பார்த்தேன், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. பாரம் தாங்காமல் சனம் அலுத்துப்போக, மேல் ஓடு முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் நுரைக்குத் துணி உறை போட்டார்களாம். பஞ்சு மாதிரி லேசு. ஆனால் விழும்போது தெருவில் வழுக்காமல் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பிவிடும் என்ற பயம் வந்ததாம். கடைசி ஆணியில் நாங்கள் செய்கிறது, நுரைக்கு மேல் முட்டைக்கோது போல மெல்லிய ஓடு.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் இவ்வளவும் என் கணவரின் காதுக்குள் போகும். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். "அப்ப தோல் தொப்பி போட்டவங்கள் எல்லாம் செத்தே போனாங்கள்?" என்று நடுவில் ஒரு கேள்வி. நான் சும்மா சொல்லவில்லை. எனக்கு ஒரு நோக்கம் இருந்தது.

நாங்கள் மல்வேர்னில் ஒரு அப்பார்ட்மெண்டில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். இரண்டு பேர்தான். அவர் பாண் செய்கிற ஒரு பேக்கரியில் வேலை. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறவேண்டும் என்று, யாரோ தெருவோரம் விட்டுவிட்டுப் போன பச்சைச் சைக்கிளைத் திருத்தி அதில்தான் போய்வருவார். ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி, பின்னால் அரிசி மூட்டை கட்டி, ஒற்றைக் கையால் ஓடின மனிசன். அப்போது நான் ஒருநாளும் பயப்பட்டதில்லை. இங்கேதான் பயம் வந்தது. அங்கே விழுந்தால் தூக்க ஒரு ஊர் இருந்தது. இங்கே அவரைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை. அவருக்கு ஒன்று நடந்தால் ஆஸ்பத்திரியில் எந்தத் தாளில் கையெழுத்து வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

காலையில் அவர் வெளிக்கிட்டதும் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்கு ஓடுவேன். கீழே பச்சைச் சைக்கிள் தெரியும். காஸ் ஸ்ரேசன் வளைவில் திரும்பி மறையும்வரை கண் இமைக்க மாட்டேன். அதற்குப் பிறகும் ஏதோ சத்தம் கேட்கும் என்பதுபோல நிற்பேன். பிறகு எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கோப்பையைப் பல்கனி மதிலில் வைத்துவிட்டு ஓடுவேன்.

ஹெல்மெட் என்றால் அவருக்குப் பகிடி. "சைக்கிள் ஓட ஒரு சட்டியே? விசரே உமக்கு? நான் பத்து வயசிலை இருந்து ஓடுறன், ஒருக்கால் விழுந்திருக்கிறனோ?"

"விழுந்தனீங்கள். எங்கடை கலியாணத்துக்கு அடுத்த மாசம், மாட்டோடை மோதி."

"அது மாடெல்லே விழுந்தது!"

சட்டமும் என்னைக் கைவிட்டது. எல்லோருக்கும் என்று தொடங்கிய கதை, கடைசியில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று முடிந்தது. அவர் றேடியோவில் கேட்டுவிட்டு ஓடிவந்தார். "பார்த்தீரே, அரசாங்கமே சொல்லிப்போட்டுது. பதினெட்டுக்கு மேலை மண்டை முத்திட்டுதாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை வேண்டுமென்றே வைக்கவில்லை.

சொல்லி விளங்காதவருக்குக் காட்டி விளங்கவைப்போம் என்று, ஒரு சனிக்கிழமை கழிவு ஹெல்மெட் ஒன்றும் இரண்டு தேங்காயும் எடுத்துக்கொண்டு அவரைக் கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு இழுத்துப்போனேன். ஒரு தேங்காயை ஹெல்மெட்டுக்குள் வைத்து நாடாவால் இறுக்கிக் கட்டி, தலைக்கு மேல் தூக்கிப் போட்டேன். தேங்காய்க்கு ஒன்றும் இல்லை. "பார்த்தீங்களே?" என்றேன். பிறகு வெறும் தேங்காயைப் போட்டேன். அது 'டொக்' என்று விழுந்து உருண்டு யாருடையதோ வானுக்குக் கீழே போய்விட்டது. குனிந்து எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அவர் சிரித்துச் சிரித்து நடைபாதை விளிம்பில் குந்திவிட்டார். "என்ரை தலையும் உந்தச் சாதிதானப்பா!"

திங்கட்கிழமை சோதனை அறைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் தேங்காய்க்குள் என்ன இருக்கும் என்று கேட்டாள். தண்ணீர் என்றேன். அப்படியென்றால் ஓடு உடையாமல் விட்டது பெரிய விஷயம் இல்லை, அடிபடும்போது உள்ளே அந்தத் தண்ணீர் எப்படி அலைகிறது என்பதுதான் விஷயம், மண்டைக்குள்ளும் அதேதான் என்றாள். நான் வீட்டுக்கு வந்து அந்தத் தேங்காயை அவருடைய காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினேன். உள்ளே தண்ணீர் ஆடியது. அவர் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

அடுத்த கிழமை நாவற்பழ நிறத்தில், வர்ணம் ஒரு பக்கம் திட்டாகிப்போன ஒரு ஹெல்மெட்டை வேலையிடத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். வர்ணம்தான் பிழை, மற்றதெல்லாம் சரி. அவர் கையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. நெட்டியில் தொடங்கித் தேங்காய்வரை நான் சொன்ன சரித்திரம்தான் வென்றது என்று நினைத்தேன். அதுவரை அவர் வீடுகளுக்கு இடையால் போகிற உள்றோட்டால் சுற்றிச் சுற்றித்தான் போவார். "உதுதான் ஹெல்மெட் இருக்கே, மார்க்கம் றோட்டாலை நேராப் போங்கோவன், இருபது நிமிசம் மிச்சம்" என்று சொன்னதும் நான்தான். லொறியும் பஸ்ஸும் உரசுகிற பெரிய றோட்டு. அவரும் அப்படியே போனார்.

முதல் பனி விழுந்ததும் சைக்கிளை மூடிக்கட்டிவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் நல்ல சாமான் என்றால் ஊரில் இருந்து கொண்டுவந்த மண்ணிறச் சூட்கேஸுக்குள் போகவேண்டும். என் கூறைச்சேலை, அவருடைய பட்டு வேட்டி, அகதி வழக்குத் தாள்கள் எல்லாம் அதற்குள்தான். சூட்கேஸ் என்றால் பட்டை அந்து அரிக்காமல் பூச்சி உருண்டை போடவேண்டும். அம்மா செய்தார், நான் செய்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. பஞ்சுத் துண்டுகளைக் கழற்றிக் கழுவி வேறாக வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கூறைக்கு மேல் மல்லாக்க வைத்தேன். கிண்ணம் மாதிரி வசதியாக இருந்தது. ஒரு பக்கெற் உருண்டை முழுவதையும் அதற்குள் கொட்டி, சூட்கேஸைப் பூட்டி, ஹீற்றருக்குப் பக்கத்து அலுமாரிக்குள் தள்ளினேன்.

ஏப்ரலில் திறந்தபோது உருண்டைகள் பாதியாகத் தேய்ந்து நுரையோடு ஒட்டிக்கிடந்தன. நகத்தால் நெம்பி எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் குழி. ஹீற்றர் சூட்டுக்கு இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்து, கழுவி வைத்த பஞ்சுகளைக் குழிகளுக்கு மேல் ஒட்டிவிட்டேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தலையில் வைத்ததும், பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையின் உருண்டை மணத்துக்கு மூக்கைச் சுளித்தார். "என்னப்பா, தலையிலை கலியாண வீடு மணக்குது!"

அந்த வசந்தத்தில் அவர் ஆறரைக்குப் பதிலாக ஆறு பத்துக்கே வெளிக்கிடத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "விடியக் காத்து நல்லாயிருக்கு" என்றார். இருக்கும்தானே, எத்தனை மாதம் பஸ்ஸுக்குள் அடைபட்ட மனிசன் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு மதியம், சோதனை அறைப் பெண் ஒரு ஹெல்மெட்டைத் திருப்பிக் காட்டினாள். வாங்கியவர் உள்ளே ஒட்டியிருந்த தாளின் பசையைப் போக்க, வர்ணம் கரைக்கிற தின்னரால் துடைத்திருக்கிறார். நுரை கரைந்து குழி குழியாகக் கிடந்தது. பெற்றோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர், இதெல்லாம் இந்த நுரைக்கு நஞ்சு என்றாள். வெளியே ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான் பஞ்சு ஒட்டி மறைத்ததும் அதே குழி.

"பூச்சி உருண்டையும் கரைக்குமா?" என்று கேட்டேன். அவள் சப்புவதை நிறுத்தினாள். அப்படி ஒருவரும் செய்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஹெல்மெட்டுக்குள் பூச்சி உருண்டையை ஏன் வைத்தாய் என்று கேட்டாள். கூறைச்சேலையை நான் அவளுக்கு எந்த இங்கிலிஷில் விளக்க? தனக்குத் தெரியாது, நாளைக்குக் கொண்டுவா, ஆனால் இன்றைக்கு அவரை ஓடவிடாதே என்றாள்.

பேக்கரிக்குப் போன் பண்ணினேன். வேலை நடக்கிற நேரம் கூப்பிட முடியாது என்று வைத்துவிட்டார்கள். அவருக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, மூன்று ஐந்துக்குப் பேக்கரி வாசலில் நின்றேன். வெளியே வந்த ஒரு தமிழ்ப் பெடியன், "அண்ணை அப்பவே போய்ட்டாரே அக்கா" என்றான். எந்தப் பக்கம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நான் போகச்சொன்ன றோட்டு அதுதானே. மார்க்கம் றோட்டால் நடந்தேன், ஓடினேன், திரும்ப நடந்தேன். ஒவ்வொரு லொறி போகும்போதும் அதற்குப் பின்னால் பச்சைச் சைக்கிள் தெரிகிறதா என்று பார்த்தேன். தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஸ்காபரோவில் எந்த நேரமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு, கடவுளே, நானே போகச்சொல்லி அனுப்பினேனே என்று வாய்விட்டு அழுதுகொண்டு நடந்தேன்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாம் மாடிப் பல்கனியில், கையில் கோப்பையோடு, றோட்டைப் பார்த்தபடி அவர் நின்றார்.

கதவைத் திறந்ததும் அவர்தான் முதலில் சத்தம் போட்டார். "எங்கை போனனீர்? வேலைக்குப் போன் பண்ணினா, மத்தியானமே வெளிக்கிட்டிட்டாவெண்டு சொல்லுறாங்கள். நான் பயந்துபோனன்!"

நான் ஆணியில் கொழுவியிருந்த ஹெல்மெட்டை எடுத்து, பஞ்சுகளைப் பிய்த்துக் காட்டினேன். "பாருங்கோ! நான் செய்த வேலையைப் பாருங்கோ!"

அவர் எட்டிப் பார்த்தார். "ஓம், குழி. அது எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமோ?"

"வேர்வை துடைக்கப் பஞ்சைக் கழட்டினனான். விரல் வைச்சாப் பொருபொருவெண்டு கொட்டுண்ணுது. சரிவராதெண்டு கண்டிட்டன். அந்த நாளிலை இருந்து பேக்கரிப் பின் கேற்றாலை, பழைய உள்றோட்டாலைதான் போறன், வாறன். இருபது நிமிசம் முந்தி வெளிக்கிட்டாச் சரிதானே."

விடியற்காற்று! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெல்மெட்டைக் கட்டிலில் எறிந்தேன். "பிறகேன் அதை மாட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள்? என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சும்மா விடுமப்பா" என்று குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் அந்த நாவற்பழ ஹெல்மெட்டை இரும்புத் தலைக்கு மாட்டினார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எப்போதும் 'தொப்' என்று கேட்கும். அன்றைக்கு 'டங்' என்று இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. நுரை மூன்றாகப் பிளந்துவிட்டது. கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அந்தத் துண்டுகளைக் கம்பியால் கட்டி, சுவரில் கடைசி ஆணிக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். ஒரு பக்கெற் பூச்சி உருண்டை கொண்டுவந்து தரச்சொன்னாள். பிறகு பல நாள் அந்த அறை முழுக்க நுரைத் துண்டுகளும் உருண்டைகளுமாகக் கலியாண வீடு மணத்தது. உருண்டை தொட்ட இடமெல்லாம் குழி. நெட்டித் தொப்பி போட்ட மீசைக்காரரில் தொடங்கிய அந்த வரிசையில் என் வீட்டு ஹெல்மெட்டும் சேர்ந்துவிட்டது. சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு அவள் அதைத்தான் முதலில் காட்டுவாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் புதிதாக ஒரு சிவப்பு ஹெல்மெட்டோடு வந்தேன். அவர் அதை மாட்டி, நாடாவை நாடிக்குக் கீழே பூட்டி, கண்ணாடியில் பார்த்தார். நான் பின்னால் நின்று திரும்பவும் கேட்டேன். இந்த முறை சத்தம் போடவில்லை. அழுகைதான் வந்தது. "உதாலை ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டு ஏன் போட்டனீங்கள்?"

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "போன வருசம் நான் கீழை சைக்கிளை எடுத்து அந்த வளைவு திரும்பு மட்டும் நீர் மேலை நிண்டனீர். திரும்பிப் பார்க்காட்டிலும் எனக்குத் தெரியும். பின்னேரம் வந்து பார்த்தா, தேத்தண்ணி ஒரு வாய்கூடக் குடிக்காமல் பல்கனி மதிலிலை ஆடை படிஞ்சு கிடக்கும். ஒவ்வொரு நாளும். நான்தான் ஊத்திக் கழுவி வைக்கிறனான். உந்தச் சட்டியை மாட்டின நாளிலை இருந்து கோப்பை குசினியிலை, வெறுமையாக் கிடக்குது. குழி விழுந்திட்டுதெண்டு சொன்னா நீர் திரும்பப் பல்கனிக்கு வந்திடுவீர் எல்லே?"

நூறு வருடத்து ஹெல்மெட் கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்டவள் நான். அந்தக் கோப்பையை யார் கழுவி வைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.